எட்டு மூட்டையை இறக்கிய நாள்

நான் பயந்தவன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மாரி வெள்ளத்தில் கதவு மட்டத்துக்குத் தண்ணீர் வர ஜீப்பை இறக்கி அக்கரை ஏற்றியவன், யானை நின்ற வழியில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் இருந்தவன் என்றெல்லாம் என்னைப் பற்றிக் கதை உண்டு. நானும் மறுத்ததில்லை. பெரிய மீசை வைத்திருந்தேன். அதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? ஆனால் உண்மையில் மூன்று வருடங்கள் நான் ஒரு சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்தேன். ஜீப்பின் பின்சில்லு குழியில் விழும்போது 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்ததும் என் கைகள் ஸ்டியரிங்கில் இறுகிவிடும். பின்னால் நெல்மூட்டை மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

அது சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ஜீப். பல கை மாறி என்னிடம் வந்தது. நான் அதன் பின்பக்கத்தை நீட்டிப் பலகைத் தட்டு அடித்து, வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், விளையும் நெல்லை மண்டூர்த் துறைக்குக் கொண்டுபோகும் வண்டியாக்கியிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். ஒரு நல்ல போல்ட் வாங்குவதற்கும் ஆளைப் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் ஜீப் ஓடியதென்றால் அது அதன் நல்ல குணம், என் கெட்டித்தனம் அல்ல.

அதன் ஸ்பிரிங் பட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டையான இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் அச்சோடு இறுக்கி, இரண்டு நுனிகளையும் வண்டியின் சட்டத்தில் மாட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் அவை வளைந்து கொடுக்கும். பாரம் இல்லாவிட்டால் வெறும் மரக்கட்டை. பட்டாளத்துக்காரனுக்குச் செய்த வண்டிதானே, அவன் முதுகெலும்பைப் பற்றி யாருக்குக் கவலை?

முதல் பிள்ளைக்கு நோவு கண்டபோது என் மனைவியை அந்த ஜீப்பில்தான் கொண்டுபோனேன். எங்கள் வீடு, அதாவது அவளுடைய சீதன வீடு, துறையிலிருந்து ஆறு மைல் உள்ளே, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்தது. வாய்க்கால் கட்டோரம் போகிற வண்டில் தடம்தான் வழி. மாரிச் சேற்றில் மாட்டுவண்டில்கள் உழுதுவிட்டுப் போன தடம் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். துறைக்குப் போய், அங்கே 'பாதை'யில் ஏறவேண்டும். இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்து, கம்பு ஊன்றி ஆளையும் வண்டியையும் வாவியின் அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதைத் தவறவிட்டால் அடுத்தது வர வெகுநேரமாகும். ஆகவே விரட்டினேன். வழி முழுவதும் 'தொம், தொம்'. பின்னால் பாயில் கிடந்தவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"மெள்ளப் போங்க. மெள்ளப் போங்க."

நான் மெல்லப் போகவில்லை. பட்டினத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. டொக்டர் அவளிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவுமில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. என் பிள்ளையைக் கொன்றது பின்சில்லின் அந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சில்லை ஓட்டியவன் நான். இதை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வருடங்கள் ஒரே வீட்டில் சோறு தின்றோம்.

அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று அவளுடைய அக்கா வந்து சொன்னாள். சந்தோஷப்பட வேண்டியவன் போய் ஜீப்புக்குக் கீழே படுத்தேன். எட்டுப் பட்டைகள். துரு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டி, தடித்த நாக்கு மாதிரி. அவற்றைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் கிடந்தேன். இதே வழி, இதே ஜீப், இதே பட்டை. மாட்டுவண்டிலில் கொண்டுபோகலாம் என்றாள் அக்கா. வண்டில் துறைக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகும். அதற்குள் என்னவும் நடக்கலாம். எதை நினைத்தாலும் பயமாக இருந்தது. கடைசியில் பட்டையையே கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பட்டினத்தில் வாவியோரம் ஒரு பறங்கியர் இரும்பு வேலை செய்துகொண்டிருந்தார். வெல்டிங்கில் கைதேர்ந்தவர். அப்படிப்பட்டவரைப் பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். வீட்டில் தன் ஆட்களோடு போர்த்துக்கீசு பேசுவார். எங்களோடு எங்களைப் போலவே பேசுவார். இரும்பு சொன்னபடி கேட்காவிட்டால் இரண்டிலும் ஏசுவார்.

"பாஸ், இந்தப் பட்டையக் கழட்டிப்போட்டு, காருக்குப் போடுற சுருள் ஸ்பிரிங் போட ஏலுமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? பட்டை முறிஞ்சி போச்சா?"

"முறியல்ல. தூக்கித் தூக்கி அடிக்கிது."

"நெல்லுக்கென்ன, நோகவா போகுது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து சில்லுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினார்.

"எத்தின மூட்டை ஏத்துற நீ?"

"எட்டு."

"எட்டுத் தாங்கினாச் சரிதானே?"

"ஓம் பாஸ். எட்டுத் தாங்கினாச் சரி."

வண்டில், தோணி, பாதை, லொறி எதுவாக இருந்தாலும் நெல் விளைகிற எங்கள் பக்கத்தில் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்: எத்தனை மூட்டை தாங்கும்? அவரும் அதைக் கேட்டார், நானும் அதற்குப் பதில் சொன்னேன். பாரமே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வெறும் வண்டியை யார் கணக்கில் எடுப்பார்கள்?

சுருள்கள் ஒரு கராஜின் பின்புறத்தில் செடி முளைத்துக் கிடந்த பெரிய கார் ஒன்றிலிருந்து கிடைத்தன. என் மணிக்கட்டளவு தடித்த கம்பியில் சுற்றிய இரண்டு சுருள்கள். அவள் படுத்துவரப் போவது பின்பக்கத்தில் என்பதால் பின்னச்சுக்கு மட்டும் போட்டால் போதும் என்றேன். சுருளை வைத்து வெல்டிங் அடித்தால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். பாஸ் சிரித்தார்.

"பட்டை பாரத்தத் தூக்கிறது மட்டுமில்ல தம்பி. அச்சு முன்னுக்குப் பின்னுக்கு ஓடாம, பக்கத்துக்கு ஓடாமப் பிடிச்சிக்கொண்டிரிக்கிறதும் அதுதான். அதக் கழட்டினா அச்சு கட்டில்லாத மாடு. சுருளுக்குத் தூக்க மட்டும்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. அவர் பழைய லொறிக் குழாயில் இரண்டு நீளக் கைகள் செய்து, அச்சைச் சட்டத்தோடு முன்னும் பின்னும் போகாதபடி பிணைத்தார். குறுக்கே ஒரு தண்டு போட்டுப் பக்கவாட்டில் ஓடாமல் நிறுத்தினார். அச்சின்மேல் இரண்டு இரும்புக் கிண்ணங்கள், சட்டத்தின் கீழே இரண்டு கிண்ணங்கள். நடுவில் சுருள் உட்காரும். ஷொக் என்று சொல்கிற, துள்ளலை அடக்கும் தண்டுகள் இரண்டும் பழுதாகிப்போயிருந்தன. புதியது கிடைக்கும்போது மாட்டலாம், அதுவரை கொஞ்சம் ஆடும், பரவாயில்லை என்றார் பாஸ். வாரத்துக்கு ஒருமுறை பட்டினம் போய் வேலையைப் பார்த்துவந்தேன். பட்டை கழன்று, அச்சு தனியே தரையில் கிடந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதை நம்பி அவளை இதில் ஏற்றப்போகிறேன்?

வேலை முடிந்து ஜீப்பை ஊருக்குக் கொண்டுவந்த பிறகும் தினமும் கீழே படுத்து ஒவ்வொரு வெல்டிங்கையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். என் மனைவி பால் விடாத பிளேன்ரீயைக் கொண்டுவந்து சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிறிதுநேரம் நிற்பாள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். "என்ன புள்ள?" என்று கீழேயிருந்து கேட்டால், "ஒண்டுமில்ல" என்று போய்விடுவாள்.

எட்டு மூட்டை ஏற்றிச் சோதித்தேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, எந்த வழியில் முதல் பிள்ளையைக் கொண்டுபோனேனோ அதே வழியில் ஓட்டினேன். குழியில் இறங்கியது, ஏறியது, 'தொம்' இல்லை. ஜீப் தோணி மாதிரி அசைந்து அசைந்து போனது. துறையில் நிறுத்திப் பார்த்தால் செம்பில் தண்ணீர் முக்காலுக்குமேல் இருந்தது. அங்கேயே நின்று அழுதேன். மீசைக்காரன் செம்பைப் பார்த்து அழுகிறான் என்று பாதைக்காரர் நினைத்திருப்பார். மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டியில் ஓரிரு தடவை 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. புது வேலை, இருந்து பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி மாதம், நெல் வெட்டும் சூடடிப்பும் நடக்கிற அறுவடை நேரம். பிள்ளைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அடுத்த கிழமையே பட்டினத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் அவளை விடுவதாகப் பேசியிருந்தோம். அன்று காலை எட்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு துறைக்குப் புறப்பட நின்றேன். அக்கா ஓடிவந்தாள்.

"நோவு வந்திட்டு. தண்ணியும் போகுது."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஓடியது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் தள்ளினேன். ஒன்று வெடித்து நெல் கொட்டியது, திரும்பிப் பார்க்கவில்லை. எட்டையும் இறக்கினேன். வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு, அவளைப் படுக்கவைத்தோம். அக்கா தலைமாட்டில் ஏறினாள். அவளுக்கு இடம் வேண்டும், காற்று வேண்டும், நெல்தூசி முகத்தில் படக்கூடாது. இவ்வளவும் யோசித்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதன் செய்யக்கூடிய மடத்தனத்துக்கு அளவில்லை.

வாசலைத் தாண்டியதுமே வித்தியாசம் தெரிந்தது. பாரமில்லாத ஜீப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்', 'டக்' என்றது. அந்தப் பழைய 'தொம்' அல்ல, ஆனால் எனக்கு அதைவிட அது பிடிக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு முனகினாள். நான் ஊர்ந்தேன். சைக்கிளில் போன ஒருவன் எங்களை முந்திக்கொண்டு போனான்.

"சுறுக்காப் போங்க" என்றாள் அவள்.

மூன்று வருடத்துக்கு முன் மெல்லப் போகச் சொன்னவள், இப்போது விரைவாகப் போகச் சொன்னாள். நான் அதற்கும் பயந்தேன். ஆனாலும் அவள் சொல்லை ஒருதடவை கேளாமல் விட்டவன் அல்லவா, காலைக் கொஞ்சம் அழுத்தினேன்.

பாதி வழியில் வாய்க்காலைக் கடக்க ஒரு மதகு உண்டு. மாட்டு முதுகு மாதிரி உயர்ந்து இறங்கும். முன்சில்லு இறங்கியது. இடது பின்சில்லு மதகின் விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் தொங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். ஜீப் இடதுபக்கம் பின்னால் அப்படியே உட்கார்ந்தது. அவள் அலறினாள். நான் பிரேக்கை மிதித்தபடி இருந்தேன், திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. பிள்ளை செத்துவிட்டதா என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லை மனதுக்குள் சொன்னதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"என்ன பாத்துக்கொண்டிரிக்கீங்க? இறங்குங்க!" என்று அக்கா கத்தினாள். "அவ நல்லா இரிக்கா. வண்டியப் பாருங்க!"

இறங்கிக் கீழே பார்த்தேன். சுருள் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்து அச்சின்மேல் சரிந்து கிடந்தது. அப்போதுதான் புரிந்தது. பட்டை மேலேயும் கீழேயும் பூட்டி இறுக்கியது. சில்லு எவ்வளவு தொங்கினாலும் கழன்றுவராது. சுருளோ கிண்ணங்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தது. எட்டு மூட்டை அதை அழுத்தி வைத்திருந்தது. நான் எட்டு மூட்டையையும் முற்றத்தில் தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

ஜெக்கை வைத்து உயர்த்தினேன். சட்டம் மேலே போக, சில்லு கீழே தொங்க, சுருளை ஒரு கையால் தள்ளினேன். சும்மா போய்க் கிண்ணத்தில் உட்கார்ந்தது. அவ்வளவு எளிதாக உட்கார்ந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த குழியில் அதே எளிதாக வெளியே வரும். இன்னும் மூன்று மைல். எத்தனை குழி என்று எனக்கு மனப்பாடம்.

பக்கத்து வட்டையில் சூடடித்துக்கொண்டிருந்தவர்கள் அலறலைக் கேட்டு வந்துவிட்டார்கள். அவர்களின் முல்லைக்காரர், வயல்வேலைக்குத் தலைவர், என்னைத் தெரிந்தவர்.

"என்ன மனே நடந்த?"

சொன்னேன். இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாரம் இரிந்தாக் கழராதா?"

"கழராது. நாலு மூட்டை இரிந்தாலும் போதும்."

அவர் திரும்பிக் களத்தைப் பார்த்தார். அங்கே நெல் குவியலாகக் கிடந்தது. குவித்த நெல்லை நாங்கள் பொலி என்போம். பூசை வைத்து முதல் மரைக்கால் அளக்கும்வரை பொலியில் யாரும் கைவைக்கக்கூடாது, ஒரு மணி வெளியே போகக்கூடாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயிர் போகிற நேரத்திலும் அந்த நெல்லைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார்.

"நெல்லு வராது. நாங்க வாறம்" என்றார்.

இரண்டு பேரைப் பொலிக்குக் காவல் விட்டுவிட்டு ஏழு பேர் ஏறினார்கள். வைக்கோல் தூசியும் வியர்வையுமாக, பின்தட்டின் இரு ஓரங்களிலும் சில்லுகளுக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்துக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா சேலையொன்றைப் பிரித்துப் பிடித்து அவளை மறைத்தாள். பெண்ணுக்கு நோவு கண்டிருக்கும்போது அந்நிய ஆம்பிளைகள் சுற்றி இருப்பது எங்களிடத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அவர்களில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஜீப் மெல்ல அமிழ்ந்தது. ஓட்டினேன். 'டக்' இல்லை. ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் முல்லைக்காரர், "இரிங்க, ஒருத்தரும் எழும்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

துறையில் பாதை நின்றது. பாதைக்காரர் கையை நீட்டி மறித்தார்.

"ஆக்கள் இறங்கித்து வண்டிய ஏத்துங்க. இத்தின பேரோட ஏத்தினாப் பாதை ஒரு பக்கம் சரிஞ்சி போயிரும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஏற்றும்போது பாரம் முழுவதும் பாதையின் ஒரு நுனியில் விழும். கவிழ்ந்த கதையும் உண்டு. ஆனால் ஆட்கள் இறங்கினால், கரைக்கும் பாதைக்கும் நடுவே சில்லு தொங்குகிற அந்த ஒரு முழ இடைவெளியில் சுருள் கழன்றுவிடும். கழன்றால் ஜீப் பாதி பலகையிலும் பாதி தண்ணீரிலும் நிற்கும், அவளோடு. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கெட்ட வார்த்தையால் ஏசினேன். அந்த மனுசன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. குனிந்து ஜீப்புக்குக் கீழே பார்த்தார்.

"சில்லு தொங்காம இரிக்க வேணும், அவ்வளவுதானே? கட்டுங்களன்."

பாதையைக் கரையில் கட்டுகிற தடித்த கயிற்றில் ஒரு பாகத்தை வெட்டித் தந்தார். ஏழு பேரும் இறங்காமல் அழுத்தி உட்கார்ந்திருக்க, நான் கீழே படுத்து அச்சையும் சட்டத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். எனக்கு மேலே பலகைக்கு அந்தப்பக்கம் அவள் முனகுவது கேட்டது. முகத்துக்கு நேரே ஏழு பேரின் பாரத்தோடு அந்தச் சுருள். முடிச்சு இரண்டு தடவை பிழைத்தது. மூன்றாவது தடவை பாதைக்காரரே வந்து படுத்து, என் கையைத் தட்டிவிட்டுத் தன் முடிச்சைப் போட்டார்.

ஆட்கள் இறங்கினார்கள். ஜீப்பை ஏற்றினேன். கயிறு முறுகியது, தாங்கியது. அக்கரை சேரும்வரை தண்ணீரைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். முல்லைக்காரரும் இன்னொருவரும் எங்களோடு வந்தார்கள். அக்கரையில் தார் வீதி. பட்டினம் போய்ச் சேரும்வரை அவள், "சுறுக்கா, சுறுக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் எனக்கு நிற்க இடமில்லை. வெளியே வந்து ஜீப்புக்குக் கீழே படுத்தேன். இடதுபக்கக் கயிறு அச்சின் கூர் விளிம்பில் உரசி உரசி அறுந்து, இரண்டே இரண்டு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு புரியையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். அங்கே படுத்திருந்தபோதுதான் முல்லைக்காரர் குனிந்து, "எழும்பு மனே, பொம்புளப் புள்ள. கத்துற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்கல்லயா?" என்றார்.

அடுத்த நாள் பாஸிடம் போனேன். அடிக்கிற எண்ணத்தோடு போனேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் அறுந்த கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வெறும் வண்டியாவா ஓட்டின நீ?" என்றார். "நான் கேக்கல்லயே தம்பி. எத்தின மூட்டை எண்டு கேட்டனே, மத்தத நான் கேக்கல்லயே."

என் கோபம் அங்கேயே அணைந்தது. அவர் அன்றே மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு, சில்லு அளவுக்குமேல் தொங்காதபடி இரண்டு பக்கமும் சங்கிலித் துண்டு வைத்து வெல்டிங் அடித்தார். சுருளின் அடிச்சுற்றையும் கிண்ணத்தோடு கவ்வுமாறு பூட்டினார்.

பத்து நாள் கழித்துத் தாயையும் பிள்ளையையும் கூட்டிவரப் போனேன். சங்கிலியை நம்பாமல் நான்கு மூட்டை மணலும் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் மூட்டைகளைப் பார்த்தாள். பிள்ளையை மடியில் வைத்து மணல் மூட்டைகளுக்கு நடுவே இருந்தாள். பாதையில் ஜீப்பை ஏற்றியாயிற்று. அக்கா இறங்கிப் பாதைக்காரரோடு பேசப் போனாள். வாவியில் காற்றில்லை. நான் பின்தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"முதல் தரம் நான் மெள்ளப் போயிரிந்தா, அவனும் இரிந்திரிப்பான். பட்டை அடிச்சித்தான் அவன் போனவன். அதுக்காகத்தான் இதக் கழட்டின நான்."

அவள் பிள்ளையின் தலையைச் சேலையால் மூடினாள். பாதைக்காரரின் கம்பு இரண்டு மூன்று தடவை தண்ணீரில் இறங்கி ஏறியது.

"அவன் ஜீப்பில போகல்ல" என்றாள். "அதுக்கு முதல் நாளே அசைவு நிண்டு போயித்து. டொக்டரும் அதத்தான் சொன்னவர். நாம ஏறக்குள்ளயே அவன் இல்ல."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முதலில் வந்தது கோபம்தான்.

"மறுகா ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"பயம். அசையாதத முதல் நாளே ஏன் சொல்லல்ல எண்டு நீங்க கேப்பீங்க எண்டு பயம். நான்தானே சொல்லாம இரிந்தன். மறுகா நீங்க ஜீப்புக்குக் கீழ படுத்துப் படுத்து வேலை செய்யக்குள்ள சொல்லத்தான் வந்தன். வாய் வரல்ல."

அந்தப் பிளேன்ரீயும், சில்லுக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய கால்களும் நினைவுக்கு வந்தன. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பட்டை அதன் இடத்தில் கிடந்திருக்கும். குலுக்கியிருக்கும், ஆனால் கழன்றிருக்காது. ஜீப்பில் போகாத உயிருக்குப் பயந்து, இருந்த உயிரை இரண்டு புரிக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். பாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் என் வாழ்நாளில் அதிகமாகப் பயந்தேன், எல்லாம் முடிந்த பிறகு.

"அப்ப மெள்ளப் போங்க, மெள்ளப் போங்க எண்டு ஏன் சொன்ன நீ?" என்று கேட்டேன்.

"போய்ச் சேந்தாச் சொல்லிப்போடுவாங்களே, புள்ள இல்ல எண்டு" என்றாள். "அதுவரைக்கும் என்ட வயித்தில இரிக்கட்டும் எண்டுதான்."

பாதை கரையில் முட்டி நின்றது. அக்கா வந்து ஏறினாள். நான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, ஜீப்பை மெல்ல இறக்கினேன். வீடு போய்ச் சேர ஆறு மைல். அன்று முதலாவது கியரை நான் மாற்றவில்லை. பின்னாலிருந்து யாரும் மெல்லப் போகவும் சொல்லவில்லை, விரைவாகப் போகவும் சொல்லவில்லை. பிள்ளை மட்டும் இடையிடையே கத்தியது, அது கத்தும்போதெல்லாம் நான் ஜீப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.